வளர்க்க வரும் பிள்ளை தன் வீட்டையும் கொண்டுதான் வரும்

ஒரு பிள்ளையை வீட்டில் வைத்து வளர்க்க விரும்பும் ஆட்கள் எங்களிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். எத்தனை வயது, ஆணா பெண்ணா, நோய் நொடி ஏதும் இருக்கிறதா, சொல்வழி கேட்குமா. அப்படிச் சில பிள்ளைகளை வளர்த்த நானும் இவரும் (என் கணவர்) பதிலுக்கு ஒன்று கேட்போம். “அந்தப் பிள்ளையின்ர அம்மா ஒரு நாள் உங்கட படலையைத் திறந்துகொண்டு வந்தா, அவவை எங்க இருத்துவீங்கள்?” பலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைத்தானே வளர்க்கக் கேட்கிறோம் என்பார்கள்.

இலங்கையில் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பான்மையானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். சிலருக்கு இருவருமே இருக்கிறார்கள். வறுமை, கடன், குடி, மறுமணம், தாய் வெளிநாடு போனது, வீட்டுக்குள் நடந்த கொடுமை என்று பல காரணங்களால் பிள்ளை அங்கே போய்ச் சேர்கிறது. திருகோணமலையில் இதற்கு ஒரு நீண்ட பின்கதையும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் சுனாமியாகக் கடல் வந்து கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளை அள்ளிக்கொண்டு போனது. 2006இல் போரால் சம்பூர், மூதூர் கிழக்குச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்தது. பலர் திரும்பி வந்தும் கிளிவெட்டி முகாம் போன்ற இடங்களில் வருடக்கணக்காகக் கிடந்தார்கள். சம்பூரில் சொந்தக் காணிக்குள் கால் வைக்க 2015, 2016 வரை காத்திருந்த குடும்பங்கள் உண்டு. அன்றைக்குப் பத்து வயதில் கூடாரத்துக்குள் வளர்ந்த பிள்ளைதான் இன்றைக்கு இரண்டு பிள்ளைகளின் தாய். சரியாக வளர்க்கப்படாமல் விடப்பட்ட ஒருவர் தன் பிள்ளையைச் சரியாக வளர்க்கத் தடுமாறினால், அவரைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வருவதில்லை. 2022இல் சாமான் விலை ஏறியபோது நுண்கடன் கட்ட வழியில்லாமல் வளைகுடா நாடுகளுக்குப் போன தாய்மாரிலும் இந்தத் தலைமுறைப் பெண்கள் பலர் இருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அதனால் அம்மம்மா, சித்தி, பெரியம்மா எல்லோரும் ஒரே வேலிக்குள் இருப்பார்கள். தாய் இல்லாத நேரம் பிள்ளை பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுச் சித்தி வீட்டில் படுத்து எழும்பும். சட்டத்துக்கும் திணைக்களத்துக்கும் முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு அதுதான். இன்றும் அதுதான் முதல் தெரிவாக இருக்க வேண்டும். அந்த வேலி அறுந்துபோன குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் எங்களைப் போன்ற வெளியாட்களின் வீடு தேவைப்படுகிறது.

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர் இளைஞர் கட்டளைச் சட்டத்தின்படி, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை நீதிமன்றம் தகுதியான ஓர் ஆளின் பராமரிப்பில் விடலாம். தத்தெடுப்பு வேறு. அது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. தத்தெடுத்தால் சட்டப்படி பெற்றோரே மாறுகிறார்கள். வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளையின் பெயரும் மாறாது, பெற்றோரும் மாறமாட்டார்கள். பிள்ளை தன் வீட்டுக்குத் திரும்பும்வரை, அல்லது நிரந்தர ஏற்பாடு ஒன்று வரும்வரை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சுனாமிக்குப் பிறகு வந்த 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கென்று தனியாகவே ஏற்பாடு செய்தார்கள்.

ஊரில் ஒரு பழக்கம் உண்டு. பாவம் என்று சொல்லி, ஒரு கடதாசியும் இல்லாமல், தெரிந்தவர்கள் மூலம் பிள்ளையைக் கூட்டிவந்து வைத்திருப்பது. நல்ல மனதோடு செய்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு ஒப்பமிட, அடையாள அட்டை எடுக்க என்று ஒவ்வொன்றிலும் பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். நாளைக்கு யாராவது வந்து இழுத்துக்கொண்டு போனால் கேட்க உங்களுக்கு உரிமையும் இல்லை. “படிப்பிக்கிறம்” என்று கூட்டிவரப்பட்ட பிள்ளை குசினியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு நிற்பதையும் நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். நன்னடத்தை உத்தியோகத்தர் (இப்படியான பிள்ளைகளின் நலனைப் பார்க்கும் அரச அதிகாரி) வீட்டுக்கு வந்து அறைகளைப் பார்ப்பதும், அயலவர்களிடம் விசாரிப்பதும், ஆளாளாகத் தனியே கூப்பிட்டுக் கதைப்பதும் முதலில் ஒரு மாதிரியாக இருக்கும். அதற்குச் சம்மதியுங்கள். அந்த விசாரணை பிள்ளைக்கான காவல்.

எங்கள் ஒரே மகன் வேலைக்காகக் கொழும்புக்குப் போன பிறகு, நானும் இவரும் உப்புவெளி வீட்டில் தனியே இருந்தோம். அப்போதுதான் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அக்காவும் தம்பியும் வந்தார்கள். தாய் குவைத்தில். தகப்பன் கடற்றொழில், குடி. பிள்ளைகளை வைத்திருந்த அம்மம்மா இறந்துவிட்டார். அக்காவுக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஐந்து. அவர்களுடைய அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை விட்டுத்தான் எழுதுகிறேன்.

தம்பி வந்த கொஞ்ச நாளில் அவனுடைய கட்டிலில் எறும்பு ஏறத் தொடங்கியது. தலையணை உறையைக் கழற்றினால் உள்ளே பாண் துண்டு, பாதி கடித்த பணிஸ், நசுங்கிய வாழைப்பழம். மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுகிற பிள்ளை ஏன் ஒளிக்கிறான்? அவன் முன்பு இருந்த வீட்டில் இன்றைக்குச் சாப்பாடு இருந்தது என்பதற்காக நாளைக்கும் இருக்கும் என்றில்லை. மிச்சம் பிடித்து வைத்தது அவனையும் அக்காவையும் சில இரவுகள் காப்பாற்றியிருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் களவு என்று பார்த்தால் அடிக்கத் தோன்றும். அவன் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட வழி என்று பார்த்தால் வேறு யோசனை வரும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி, அவனுக்குப் பிடித்த ஸ்ரிக்கரை அவனையே ஒட்டச் சொல்லி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். பிஸ்கட், பொரிமா உருண்டை, கடலை. யாரிடமும் கேட்காமல் எந்த நேரமும் எடுக்கலாம், முடிந்தால் நான் நிரப்புவேன். இரவு படுக்கப்போகும்போது அவன் பார்க்கும்படி நிரப்புவேன். சாப்பாட்டு நேரத்தில் “டப்பாவில இருந்து தின்டிட்டுத்தானே இப்ப சோறு வேண்டாமெண்டுறாய்” என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டோம். ஒரு கட்டத்தில் டப்பா அப்படியே நிறைந்து கிடந்தது, எறும்பு வருவது நின்றது. ஆனாலும் டப்பாவை எடுக்கவில்லை. அவனாகவே அதற்குள் கோலிக்குண்டு போட்டு வைத்தபோதுதான் அது தின்பண்ட டப்பா இல்லாமல் போனது.

அக்காவின் விஷயம் இதைவிடக் கடினம். அவள் தம்பியை எங்களிடம் விடவில்லை. நான் சோறு பிசைந்தால் கோப்பையை வாங்கித் தானே தீத்துவாள். குளிக்க வார்ப்பது, தலை இழுப்பது, காய்ச்சல் வந்தால் முழித்திருப்பது எல்லாம் அவள்தான். பார்க்கிறவர்கள் “என்ன பொறுப்பான பிள்ளை” என்று மெச்சுவார்கள். எனக்கு வயிற்றைப் பிசையும். அந்தப் பொறுப்புக்காக அவள் தன் விளையாட்டையும் படிப்பையும் நித்திரையையும் விட்டிருந்தாள். அதற்காக, “இனி நான் பாக்கிறன், நீ போய் விளையாடு” என்று அந்த வேலையை ஒரே நாளில் பறித்துவிடவும் கூடாது. அவளுக்கு அம்மம்மாவும் அம்மாவும் போன பிறகு மிஞ்சியிருந்தது அந்த வேலைதான். நாங்கள் அவளிடம் கேட்டுக் கேட்டுச் செய்தோம். “தம்பிக்குப் புட்டு சீனியோடயா, சொதியோடயா?” “அவனுக்கு எந்த ஊசிக்குப் பயம்?” அவளை எங்களுக்குச் சொல்லித்தருபவளாக வைத்தோம். கிழமை நாட்களில் காலையில் அவனை வெளிக்கிடுத்துவது என் வேலை, பின்னேரம் அவளுடைய வேலை என்று பங்கு பிரித்தோம். பிறகு மெல்ல மெல்ல அவளே பின்னேரத்தையும் விட்டுவிட்டு வலைப்பந்துக்குப் போனாள்.

உடன்பிறந்த பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சத் தயார். பெண்பிள்ளைகள் ஓர் இல்லம், ஆண்பிள்ளைகள் வேறு இல்லம் என்று பிரிந்து, பெருநாளுக்கும் தீபாவளிக்கும் மட்டும் சந்திக்கும் சகோதரங்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். ஒரு பிள்ளைதான் எடுக்க முடியும் என்றால், ஒற்றைப் பிள்ளையாக இருக்கும் ஒருவருக்காகக் காத்திருங்கள்.

பின்னேரம் ஆறு மணியானால் இரண்டு பேருடைய உடம்பும் இறுகிப்போகும். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அக்கா தம்பியைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் கிணற்றடிக்குப் போய்விடுவாள். அவர்களுடைய வீட்டில் தகப்பன் எந்த நிலையில் வருவார் என்பதைக் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இவர் இதைக் கவனித்துவிட்டுத் தானாக ஒரு வழக்கம் தொடங்கினார். படலைக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, “பிள்ளையள், மாமா வந்திட்டன்” என்று சத்தம்போட்டுச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். வந்ததும் நேரே கை கால் கழுவப் போவார், பிறகு பிளேன்டீ. ஒவ்வொரு நாளும் அதே குரல், அதே ஒழுங்கு. இவர் பேசிப் புரியவைத்த எதையும்விட அந்த ஒழுங்குதான் பிள்ளைகளுக்கு உதவியது. ஆண்கள் இருக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் யோசியுங்கள். நீங்கள் நல்லவர் என்பது உங்களுக்குத் தெரியும், பிள்ளைக்கு இன்னும் தெரியாது.

தாயின் தொலைபேசி அழைப்புக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் பேர் எங்களோடு முரண்படுவார்கள். அந்தத் தாய்க்கு வேலை செய்யும் வீட்டில் போன் கையில் கிடைப்பது வெள்ளிக்கிழமைகளில், அதுவும் எல்லா வெள்ளியும் இல்லை. அழைப்பு வந்த பின்னேரங்களில் தம்பி கையில் கிடைத்ததை எறிவான், இரவு படுக்கையை நனைப்பான். அக்கா ஒரு சொல் பேசமாட்டாள். “கதைக்க விடாதேங்கோ, மறக்கட்டும்” என்று சொந்தக்காரர் முதல் பள்ளிக்கூட ஆட்கள் வரை சொன்னார்கள். பிள்ளை அழுவது அந்த அழைப்பு கெட்டது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. தாயின் குரலைக் கேட்டால் அது தூரத்தில் இருக்கிறது என்பதும் கூடவே தெரிகிறது, அந்த நோவு வெளியே வருகிறது. நிறுத்திவிட்டால் நோவு போகாது, உள்ளே இருந்துகொண்டு வேறு பக்கத்தால் வரும். நாங்கள் செய்தது இவ்வளவுதான். “இண்டைக்கு அம்மா எடுப்பா” என்று ஒருநாளும் வாக்குக் கொடுப்பதில்லை. “எடுத்தா கதைப்பம், எடுக்காட்டி நாங்கள் கடற்கரைக்குப் போவம்.” அழைப்பு வந்தாலும் பிறகு கடற்கரைக்குப் போவோம். அம்மா என்ன சொன்னார் என்று தோண்டிக் கேட்பதில்லை. மணலில் ஓடி, வலை இழுக்கிறவர்களைப் பார்த்து, இருட்டுப்படும்போது திரும்பி வரும் வழியில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர்களாகச் சொல்வார்கள்.

அப்படி ஒரு நாள் அக்கா சொன்னாள், “எங்களாலதான் அம்மா போனவ.” ஊரெல்லாம் நல்லெண்ணத்தோடு அவளிடம் சொல்லிவந்தது அதைத்தானே. ‘உங்களுக்காகத்தான் அம்மா கஷ்டப்படுறா.’ ஒரு பிள்ளையின் காதில் அது விழும் விதமே வேறு: நான் பிறக்காவிட்டால் அம்மா போயிருக்கமாட்டா. அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்ல விடுவதில்லை. “கடன் இருந்தது. பெரிய ஆக்கள் யோசிச்சு எடுத்த முடிவு அது. நீங்கள் ரெண்டு பேரும் ஒரு பிழையும் செய்யேல்ல.” இதைப் பலமுறை, ஒரே மாதிரியான சொற்களில், அவசரமில்லாமல் சொல்ல வேண்டியிருந்தது. அதேபோல, படலையடியில் நின்று “பெத்ததுகளை விட்டிட்டுப் போனவள்” என்று சொன்ன ஒரு பெண்ணிடம், என் வீட்டு வாசலில் இந்தப் பிள்ளைகளின் தாயைப் பற்றி அப்படிக் கதைக்க வேண்டாம் என்று நேராகவே சொன்னேன். உள்ளே இருந்து இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தகப்பனைப் பற்றியும் அப்படித்தான். அவர் அடித்தது உண்மை, அதனால் சந்திப்பு அலுவலகத்தில், உத்தியோகத்தர் முன்னிலையில்தான். ஆனால் தம்பிக்குத் தூண்டில் கட்டப் பழக்கியதும் அந்தத் தகப்பன்தான். “அப்பாக்கு கீரி மீனும் சூடை மீனும் ராவிலயே அடையாளம் தெரியும்” என்று அவன் பெருமை பேசும்போது நாங்கள் முகத்தைச் சுளிப்பதில்லை. பயத்தையும் பாசத்தையும் ஒரே ஆளிடம் வைத்திருக்கிற பிள்ளையை ஒரு பக்கம் தேர்ந்தெடுக்கச் சொல்லக்கூடாது.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறு வயதிலிருந்தே ஓர் இல்லத்தில் வளர்ந்து, பதினான்கு வயதில் எங்களிடம் வந்தவள். அவளால் எந்தத் தொல்லையும் இல்லை. நாங்கள் கவலைப்பட்டது அதனால்தான். “மாமி, தண்ணி குடிக்கட்டா?” “மாமி, பாத்ரூம் போகட்டா?” என்று கேட்டுக்கொண்டுதான் எதுவும் செய்வாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கமாட்டாள். என்ன சாப்பிடப் பிடிக்கும் என்றால், எல்லாம் பிடிக்கும் என்பாள். மணி அடித்தால் எழும்பி, மணி அடித்தால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க ஒருவரும் இடம் கொடுத்திருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வந்திருந்தான் என்று வடை, பாயாசத்தோடு சமைத்தேன். அவள் குசினி வாசலில் வந்து நின்று கேட்டாள். “இண்டைக்கு ஆருடைய திவசம் மாமி? நான் பிரார்த்தனை படிக்கோணுமா?”

எங்கள் ஊர்களில் பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் இல்லப் பிள்ளைகளுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பது வழக்கம். கொடுப்பவர்களின் மனது நல்லது. நாங்களும் கொடுத்திருக்கிறோம். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், பாயாசம் என்பது யாரோ தெரியாத ஆள் இறந்த நாள். சாப்பிடுவதற்கு முன் எழும்பி நின்று பாடி, நன்றி சொல்லி, படம் எடுக்கச் சிரித்துக் கொடுக்க வேண்டும். அவள் பதினான்கு வயதுக்குள் எத்தனை முன்பின் தெரியாத ஆட்களுக்குச் சிரித்திருப்பாள்! கொடுக்க விரும்புகிறவர்கள் பணமாகவோ சாமானாகவோ கொடுத்துவிட்டு, பிள்ளைகள் தங்கள் பாட்டில் சாப்பிட விட்டுவிடலாம். படம் வேண்டாம்.

அவளோடு நாங்கள் செய்தது சின்னச் சின்னத் தெரிவுகளைக் கொடுத்ததுதான். சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய், “இந்தக் காசுக்கு ராவுச் சாப்பாட்டுக்கு நீ விரும்பினதை வாங்கு” என்று சொன்னால், தொடக்கத்தில் காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உடுப்புக் கடையில் நிறம் சொல்ல முடியவில்லை. நாங்கள் அவசரப்படவில்லை, அவளுக்காகத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. பல மாதம் கழித்து ஒரு நாள், “எனக்குப் பாகற்காய் வேண்டாம், பிடிக்காது” என்று கோப்பையைத் தள்ளிவைத்தாள். அன்றைக்கு நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுப்பதற்கு இந்த வீட்டில் இடமிருக்கிறது என்று அவள் நம்பத் தொடங்கிவிட்டாள். பிறகு கதவை அறைந்து சாத்தினாள், பொய் சொன்னாள், “நீங்கள் என்ர அம்மா இல்ல” என்றும் கத்தினாள். “ஓம், நான் மாமிதான். ஆனா இரவு எட்டு மணிக்கு வீட்டை நிக்கோணும்” என்றேன். புதுப் பிள்ளை அமைதியாக இருக்கும் காலத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள், பிறகு குழப்படி தொடங்கும்போது “பழக்கம் மாறிப்போச்சு” என்று திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் குழப்படி பெரும்பாலும் பிள்ளை நம்பத் தொடங்கும்போதுதான் வருகிறது. இவ்வளவு செய்தாலும் என்னை வைத்திருப்பீர்களா என்று கேட்டுப் பார்க்கிறது. அந்தக் கட்டத்தில் அனுப்பிவிட்டால் அடுத்த வீட்டில் அது கேட்கவே கேட்காது.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரத்தில் 2000களில் ஓர் ஆய்வு நடந்தது. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் பேச்சிலும் அறிவிலும் பாசப் பிணைப்பிலும் முன்னேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் நன்றாகவே முன்னேறினார்கள். இதை வாசித்துவிட்டு, பதினான்கு வயதில் வந்தவளுக்கு இனி என்ன பயன் என்று யாரும் நினைக்கக்கூடாது. நேரம் கூடப் பிடிக்கும், சில காயம் ஆறாமலும் இருக்கும். ஆனாலும் பாகற்காய் வேண்டாம் என்று சொல்ல அவள் பழகினாள்தானே. பெரிய பிள்ளைகளை எடுக்க ஆட்கள் முன்வருவதில்லை என்பதுதான் எங்கள் ஊரில் பெரிய குறை.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சுருக்கமாக. வகுப்பாசிரியரை முதல் நாளே தனியாகச் சந்தித்து, தேவையானதை மட்டும் சொல்லுங்கள். பிள்ளையின் முழுக் கதையும் ஆசிரியர் அறைக்குத் தேவையில்லை. நாங்கள் கண்ட ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு முன்னிலையில் “உனக்கு ஆர் ஒப்பம் வைக்கிறது?” என்று கேட்டு ஒரு பிள்ளையை அழவைத்தார்கள். ‘எனது குடும்பம்’ என்று கட்டுரை எழுதச் சொல்லும் வகுப்புகளும் வரும். மற்றப் பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு ஒரு சின்னப் பதிலை வீட்டிலேயே சொல்லிப் பழக்கிவிட்டோம்: “நான் மாமி வீட்டில இருந்து படிக்கிறன்.” அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை என்பதையும் பிள்ளைக்குச் சொன்னோம்.

சமயமும் மொழியும் பிள்ளையுடையவை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை, குடும்பத்தைப் பிரிந்த பிள்ளைக்கு ஏற்பாடு செய்யும்போது அதன் இனம், சமயம், பண்பாடு, மொழி எல்லாவற்றையும் மதிக்க வேண்டும் என்கிறது. முஸ்லிம்களின் கஃபாலா முறையும் அதில் பெயரோடு குறிப்பிடப்பட்டிருக்கிறது. பெற்றோரின் பெயரை அழிக்காமல் பிள்ளையைப் பொறுப்பேற்கும் முறை அது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும் திருகோணமலையில் இதை நாங்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்ய முடியும், செய்யவும் வேண்டும்.

அக்கா, தம்பியின் அம்மம்மா இறந்தபோது, பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று அவர்களை வேறு வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். செத்த வீட்டையும் காட்டவில்லை, கன்னியாவில் நடந்த அந்தியேட்டிச் சடங்குக்கும் கூட்டிப்போகவில்லை. தம்பி பல மாதங்களாக, அம்மம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றே நம்பிக்கொண்டிருந்தான். வெள்ளை உடுப்பில் யாரைக் கண்டாலும் எப்போது விடுவீர்கள் என்று கேட்பான். உத்தியோகத்தரோடும் தாயோடும் கதைத்துவிட்டு, நானும் இவரும் அவனை இருத்தி, அம்மம்மா செத்துப்போனார், இனி வரமாட்டார் என்று அந்தச் சொல்லையே பாவித்துச் சொன்னோம். ‘சாமியிட்டப் போயிட்டா’, ‘நித்திரை’ என்றெல்லாம் சுற்றி வளைத்தால் சின்னப் பிள்ளை நித்திரைக்கே பயப்படும். அழுதான். அக்காவும் அன்றைக்குத்தான் எங்கள் முன்னால் முதன்முறை அழுதாள். ஆண்டுத் திவசத்துக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போய், திரும்பி வந்து அம்மம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். என்னென்ன பிடிக்கும் என்று அக்காதான் பட்டியல் சொன்னாள். இறந்தவரைப் பற்றிக் கதைக்கலாம் என்று தெரிந்த பிறகுதான் அந்த வீட்டுக் கதைகள், பட்டிமாடுகள், வாசல் வேம்பு, அம்மம்மா திட்டும் திட்டு எல்லாம் வெளியே வந்தன.

தாய் குவைத்திலிருந்து திரும்பியபோது பிள்ளைகள் உடனே போகவில்லை. முதலில் சந்திப்பு, பிறகு சனி ஞாயிறு, பிறகு பள்ளி விடுமுறை என்று மெதுவாகத்தான் நடந்தது. நன்னடத்தை உத்தியோகத்தர் அதில் உறுதியாக நின்றது பெரிய உதவி. தாய் வரும் நாட்களில் குசினியை அவரிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே இருந்துகொள்வேன். அவருக்கு என்னைக் கண்டால் கூச்சம், கொஞ்சம் கோபமும்கூட. மகளின் உயரத்தைக்கூட நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது, பிறகு எப்படிக் கோபம் வராமல் இருக்கும்?

போகும்போது தாயின் கையில் ஒரு கோப்புக் கொடுத்தோம். பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, பள்ளிக்கூட முன்னேற்ற அறிக்கைகள், நீதிமன்றக் கட்டளையின் பிரதி, பிள்ளைகள் எங்களோடு இருந்த காலத்துப் படங்கள். அதோடு கையால் எழுதிய சில பக்கங்கள்: தம்பிக்கு இடிக்குப் பயம், விளக்கு ஒன்று எரிய வேண்டும், காய்ச்சல் வந்தால் பொன்னாங்காணிச் சொதி கேட்பான், அக்கா கோபம் என்றால் அலுமாரி அடுக்குவாள், விட்டால் அவளே வந்து கதைப்பாள். வளர்க்கிற யாரும் இதைச் செய்யலாம், பிள்ளை வந்த நாளிலிருந்தே எழுதத் தொடங்கலாம். அவர்கள் போன பிறகு வீடு வெறிச்சோடிப்போனது. இவர் பல நாள் படலைக்கு வெளியே நின்று சத்தம் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அந்தத் துக்கத்தை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதைப் பிள்ளையின் முதுகில் ஏற்றக்கூடாது. “எங்களை மறந்திடாத” என்று சொல்லி அனுப்பாதீர்கள், நன்றியும் எதிர்பார்க்காதீர்கள். தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, எப்போதும் எடுக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

யோசிக்கிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் பிரதேச செயலகம். அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், நன்னடத்தை உத்தியோகத்தரிடமும் அவர் வழிகாட்டுவார். போவதற்கு முன் வீட்டில் உள்ள எல்லோருடைய சம்மதத்தையும் கேளுங்கள், உங்கள் சொந்தப் பிள்ளைகளின் சம்மதத்தை முதலில். அயலில் ஒரு பிள்ளைக்கு அடி விழுகிறது, பட்டினி கிடக்கிறது, வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசலாம். அப்படி அழைப்பதற்கு நீங்கள் பிள்ளை வளர்க்கத் தயாராக இருக்க வேண்டும் என்பதில்லை.